நோர்பர்ட் புர்க்முல்லர்: அண்ணனைத் தெரியும், தம்பியைத் தெரியுமா?

மேசைவிளக்கு:

நோர்பர்ட் புர்க்முல்லரைப் பற்றி இங்கே இதுவரை யாரும் எழுதவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர். 1810 பிப்ரவரி 8 அன்று டுசல்டார்ஃபில் பிறந்தார். 1836 மே 7 அன்று ஆகன் நகரத்துக் குளியல் மாளிகை ஒன்றில், தண்ணீரில் இருக்கும்போது வலிப்பு வந்து இறந்தார். வயது 26. ஷோப்பானும் ஷூமனும் பிறந்த அதே 1810. மெண்டல்சோன் ஒரு வயது மூத்தவர்.

அவர் விட்டுப்போனது குறைவுதான். முழுதாக ஒரு சிம்பொனி, முடியாமல் நின்றுபோன இன்னொன்று, ஒரு பியானோ கான்செர்ட்டோ, நான்கு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது), ஒரு பியானோ சொனாட்டா, கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு டூவோ, கொஞ்சம் பாடல்கள். 'டியோனிஸ்' என்று ஓர் ஆபரா தொடங்கினார், அதன் முன்னிசைதான் தேறியது. எல்லாவற்றையும் ஒரு வார இறுதியில் கேட்டு முடித்துவிடலாம்.

இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1839-இல், ஷூமன் தன் பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதினார். ஷூபர்ட்டின் அகால மரணத்துக்குப் பிறகு புர்க்முல்லரின் மரணத்தைப் போல் வலித்தது வேறில்லை என்று தொடங்குகிறது அந்தக் கட்டுரை. விதி களை எடுக்கவேண்டும் என்றால் கூட்டம் கூட்டமாகக் கூடாரமடித்துக் கிடக்கும் சராசரிகளில் எடுக்கக்கூடாதா, தளபதி ஆகக்கூடியவர்களையே ஏன் பறிக்கிறது என்று கேட்கிறார். சும்மா இரங்கல் எழுதுகிறவர் இவ்வளவு கோபப்படமாட்டார். அந்தக் கோபம்தான் என்னை இவரிடம் கொண்டுவந்தது.

கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே தொடங்கலாம் என்று பேசுவோம்.

பியானோ டீச்சர்:

புர்க்முல்லர் என்றதும் 'அரபெஸ்க்'தான் காதில் ஓடியது! என்னிடம் பியானோ படிக்கும் பிள்ளைகளில் அதை வாசிக்காதவர்கள் யாருமே இல்லை. 25 சுலபப் பயிற்சிகள் என்று வரும் ஓபஸ் 100 (ஓபஸ் என்றால் படைப்பின் எண்), அதில் இரண்டாவது. வலது கை மடமடவென்று ஓடும், முடித்ததும் எழுந்து நின்று கைதட்டலுக்குக் காத்திருப்பார்கள். அவரும் இவரும் ஒருவரா?

மேசைவிளக்கு:

இல்லை டீச்சர், அவர் அண்ணன். ஃபிரீட்ரிக் புர்க்முல்லர், 1806-இல் ரேகன்ஸ்பர்கில் பிறந்தவர். பாரிஸில் குடியேறினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார், அவர்கள் கைக்கு எட்டுகிறமாதிரி அழகான சின்ன உருப்படிகள் எழுதினார், நன்றாகவே வாழ்ந்தார். 1841-இல் 'ஜிசெல்' பாலே அரங்கேறியபோது அதில் கிராமத்து ஜோடி ஆடும் பகுதிக்கு இவருடைய இசையைத்தான் நுழைத்தார்கள், இன்றும் அது அப்படியே ஆடப்படுகிறது. 1874 வரை இருந்தார். அண்ணன் பெயர் உலகத்தில் பியானோ இருக்கிற வீடெல்லாம் தெரியும். தம்பி பெயர் அவர் பிறந்த நாட்டிலேயே ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

பியானோ டீச்சர்:

இத்தனை வருடமாக அந்தப் புத்தகத்தைத் திறக்கிறேன், அட்டையில் இருக்கும் ஆளுக்கு ஒரு தம்பி இருந்தார் என்று யாருமே சொன்னதில்லை. தம்பி பியானோவுக்கு எழுதியதில் எதைக் கேட்கலாம்?

மேசைவிளக்கு:

எஃப் மைனர் சொனாட்டா, ஓபஸ் 8. 1826-இல் எழுதியது, அப்போது வயது 16. நடுவில் ஒரு ரொமான்ஸ் வரும், பாட்டு மாதிரி மெதுவாகப் போகும் பகுதி, அதிலிருந்து தொடங்குங்கள். முதல் மூவ்மெண்ட், அதாவது முதல் பகுதி, பெரிய கைகளுக்கானது, ஆனால் ரொமான்ஸை நல்ல மாணவி ஒருத்தியால் வாசித்துவிட முடியும்.

ஓபஸ் எண்ணைப் பார்த்து வயதைக் கணக்கிடாதீர்கள். இவருடைய படைப்புகளில் பெரும்பாலானவை செத்த பிறகுதான் அச்சாயின. சிம்பொனிகளை லைப்சிக்கின் கிஸ்ட்னர் பதிப்பகம் கொண்டுவந்தது 1860-களில். அதனால் எண்ணுக்கும் எழுதிய வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. டி மைனர் குவார்ட்டெட், ஓபஸ் 4, பதினைந்து வயதுப் பையன் எழுதியது. ஓபஸ் 1 என்று போட்டிருக்கிற எஃப் ஷார்ப் மைனர் கான்செர்ட்டோ அதற்கெல்லாம் பின்னால், காஸலில் எழுதியது.

நால்வழி:

நல்ல இழை. ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுக்கவேண்டாம்.

இளம் வயதில் செத்த கலைஞன் என்றால் நாம் எல்லோரும் கொஞ்சம் இளகிவிடுகிறோம். பெர்கொலேசி 26, அர்ரியாகா 20-ஐத் தொடவில்லை, ஷூபர்ட் 31. அந்த வரிசையில் நிறுத்திவிட்டால் இசை எப்படி இருந்தாலும் கண் கலங்கும். முதல் சிம்பொனியை நானும் கேட்டிருக்கிறேன். சி மைனர். பேத்தோவனின் ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு ஜெர்மன் இளைஞன் சி மைனரில் சிம்பொனி எழுதினால் எதைப் பார்த்து எழுதினான் என்று சொல்லவேண்டியதில்லை. குருவான ஷ்போரின் நெளிவு சுளிவுகளும் ஆங்காங்கே அப்படியே தெரிகின்றன. நன்றாகக் கற்றுக்கொண்ட மாணவன் என்பேன். அதற்கு மேல் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஷூமனின் கட்டுரையை எடுத்துவிட்டால் இன்று இவரை யாராவது தேடியிருப்போமா?

மேசைவிளக்கு:

கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு ஷூமனின் அதே கட்டுரையிலிருந்து இன்னொரு இடத்தைத்தான் எடுக்கவேண்டும். ஷூபர்ட் உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் புகழைப் பார்த்துவிட்டார், புர்க்முல்லருக்கு அதுவும் கிடைக்கவில்லை என்கிறார். ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும்தான் இவரைத் தெரியும், அந்த வட்டத்துக்கும் இசைக்காரராகத் தெரிந்ததைவிட ஒரு விசித்திரமான ஆளாகத் தெரிந்ததுதான் அதிகமாக இருக்கும் என்று எழுதுகிறார்.

இதை 1839-லேயே சொல்லிவிட்டார் பாருங்கள். அன்றைக்கே ஆள் முன்னால் நின்றார், இசை பின்னால் நின்றது. இன்றைக்கும் இவரைப் பற்றி எதைத் திறந்தாலும் வலிப்பு, குடி, காதல் தோல்வி, தண்ணீரில் மரணம் என்றுதான் முதல் பத்தி இருக்கும். நீங்கள் சொல்கிற அந்த இளகலைத்தான் ஷூமன் அன்றே எதிர்த்தார் என்பது என் வாசிப்பு. அனுதாபத்தை ஓரமாக வைத்துவிட்டு, முடிக்கப்பட்ட படைப்புகளை மட்டும் கேளுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற பேச்சே எனக்கு வேண்டாம்.

ரைன்கரை:

வணக்கம். நான் ஜெர்மனியில், இதே நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் கனகாலமாக இருக்கிறேன். வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் குடும்பம் விளங்காமல் நோர்பர்ட் விளங்கமாட்டார்.

தகப்பனார் ஆகஸ்ட் புர்க்முல்லர் நாடகக் கொட்டகைகளில் இசை நடத்தித் திரிந்தவர், பிறகு டுசல்டார்ஃபில் நகர இசை இயக்குநர் ஆனார். கீழ்ரைன் இசைவிழா என்று ஒன்று இருக்கிறது. பெந்தகொஸ்தே விடுமுறைக்கு அக்கம்பக்கத்து ஊர்களின் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒன்றுசேர்ந்து பெரிய படைப்புகளை மேடையேற்றும் விழா. 1818-இல் டுசல்டார்ஃபில் அது நடந்தபோது ஹைடனின் 'படைப்பு', 'பருவங்கள்' இரண்டையும் நடத்தியவர் இந்தத் தகப்பனார்தான். தாய் தெரேஸ் ஃபோன் சான்ட் உயர்குடிப் பெண், பியானோ சொல்லிக்கொடுப்பவர். 1824-இல் தகப்பன் இறந்துபோனார். பையனுக்கு 14 வயது. வீட்டில் காசு இல்லை.

நெஸ்ஸல்ரோட என்ற பிரபு கைகொடுத்தார். அவர் செலவில்தான் 1826-இல் நோர்பர்ட் காஸல் போனார். அங்கே அரசவை இசைத் தலைவர் லூயி ஷ்போர், அந்தக் காலத்தில் வயலின் என்றால் ஐரோப்பா முழுக்க உச்சரித்த பெயர்களில் ஒன்று. அவரிடம் வயலினும் இசையமைப்பும் படித்தார். இசைக் கோட்பாட்டுக்கு மோரிட்ஸ் ஹாப்ட்மான், பின்னாளில் லைப்சிக்கில் பாக் இருந்த அதே தாமஸ் தேவாலயப் பதவிக்குப் போனவர். இரண்டு பேரும் லேசான ஆட்கள் இல்லை. ஒரு சின்ன ஊர்ப் பையனுக்கு அன்றைக்கு இதைவிட நல்ல பள்ளி கிடைத்திருக்காது.

காஸல் நாடக அரங்கில் பாடிய சோஃபியா ரோலண்ட் என்ற பாடகியோடு நிச்சயம் செய்துகொண்டார். அவள் முறித்துக்கொண்டாள், 1830-இல் இறந்தும் போனாள். வலிப்பு வரத் தொடங்கியது. இதற்கிடையே டுசல்டார்ஃபுக்கே திரும்பி வந்து தாயோடு இருந்தார். சம்பளம் வருகிற வேலை எதிலும் அமரவில்லை.

இரவுப்பணி:

நான் நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிறவள். இசை தெரியாது, இழையைச் சும்மா வாசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுப்போக மனசு வரவில்லை.

காதலி இறந்ததால் வலிப்பு வந்தது என்ற மாதிரி எழுதுகிறார்கள் இல்லையா, இந்தக் கதையைத் தயவுசெய்து அப்படியே ஏற்காதீர்கள். துக்கத்தால் வலிப்பு நோய் பிறப்பதில்லை. இளவயதில் தொடங்கும் வலிப்புகள் ஏராளம், காரணம் மூளைக்குள்ளே இருக்கும். ஏற்கெனவே நோய் இருக்கிறவருக்குத் தூக்கமின்மையும் குடியும் மன அழுத்தமும் அதைக் கிளப்பிவிடும், அது உண்மை. அப்படியென்றால் துக்கத்தில் தூங்காமல் குடித்த ஒருவருக்கு வலிப்பு அடிக்கடி வந்திருக்கும். இதுவரை சொல்லலாம். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் 'ஏதோ மனசு உடைஞ்சு போச்சு, அதான்' என்று சொல்லி மாத்திரையே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

அவர் காலத்தில் மருந்து என்று எதுவுமே இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்திய முதல் மருந்து புரோமைடு, அதைப் பற்றி லண்டனில் ஒரு மருத்துவர் சொன்னதே 1857-இல். ஃபீனோபார்பிட்டால் 1912, ஃபெனிட்டாயின் 1938. 1836-இல் டாக்டர்கள் செய்யக்கூடியது ரத்தம் எடுப்பது, காற்று மாற்றிக்கொள்ளச் சொல்வது, வெந்நீர் ஊற்றுக்கு அனுப்புவது. இவரை வெந்நீர்த் தொட்டிக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வார்டில் வலிப்பு நோயாளி வீட்டுக்குப் போகும்போது சொல்லி அனுப்பும் விஷயங்களில் இது முக்கியமானது: தொட்டியில், குளத்தில், கிணற்றில் தனியாக இறங்கவேண்டாம். வாளியில் மொண்டு ஊற்றிக் குளியுங்கள். கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வலிப்பு வந்தால் ஓரடித் தண்ணீர் போதும், சத்தமே வராது.

மேசைவிளக்கு:

இரவுப்பணி, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. நோர்பர்ட்டைப் பற்றி நான் படித்த பக்கங்களில் இந்தக் கோணம் இல்லவே இல்லை. எல்லோரும் அதைக் கற்பனாவாதக் காலத்துக் கலைஞனின் மரணம் என்று எழுதுகிறார்கள். கவனிக்க ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு.

ரைன்கரை:

இரவுப்பணி சகோதரி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று பழைய எழுத்தாளர்கள் சேர்த்துவிட்டார்கள்.

ஆகன் வெந்நீரைப் பற்றி: ரோமர் காலத்திலிருந்தே அது பெயர் போனது. பெரும் கார்ல் சக்கரவர்த்தி அந்த ஊரைப் பிடித்துக்கொண்டதற்கும் அந்த ஊற்றுகள் ஒரு காரணம். இன்றைக்கும் நகர நடுவில் எலிசன்புருன்னன் என்று தூண் வைத்த மண்டபம் ஒன்று நிற்கிறது. 1820-களில் கட்டியது, அதனால் நோர்பர்ட்டும் அதைப் பார்த்துத்தான் இருப்பார். சுவரில் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் விழும். கிட்டப் போவதற்கு முன்பே அழுகிய முட்டை மணம் மூக்கில் ஏறும், கந்தகம். கையை நீட்டினால் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும், ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு. தண்ணீர் விழுகிற கல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் படிந்துபோய் இருக்கும். அந்த நீரை ஆறவைத்துத் தொட்டிகளில் நிரப்பித்தான் நோயாளிகளைக் கிடத்துவார்கள்.

இன்னொரு விஷயம். மெண்டல்சோன் 1833-இல் டுசல்டார்ஃபுக்கு இசை இயக்குநராக வந்தார், அதாவது நோர்பர்ட்டின் தகப்பன் ஒரு காலத்தில் இருந்த இடத்துக்கு. ஒரு வயது வித்தியாசம்தான். ஒருவர் பெரிய வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை, எங்கும் வரவேற்பு. மற்றவர் தாயின் வருமானத்தில் ஒண்டிக்கொண்டு இருப்பவர். அப்படியும் நட்பு வந்தது, நோர்பர்ட்டின் படைப்புகளை மெண்டல்சோன் தன் கச்சேரிகளில் வைத்தார். 1835-இல் லைப்சிக் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு கீழ்ரைன் விழா திரும்பவும் டுசல்டார்ஃபில். தன் 'புனித பவுல்' இசைநாடகத்தை முதன்முதலாக நடத்த மெண்டல்சோன் வந்திருந்தார். அரங்கேற்றம் மே 22. ஒத்திகை நடந்துகொண்டிருக்கும் நாட்களில் ஆகனிலிருந்து சடலம் வந்தது. மே 11 அன்று அடக்கம். அந்த ஊர்வலத்துக்கு, காற்று வாத்தியங்களுக்கு மட்டுமாக, ஏ மைனரில் ஒரு சாவு நடையை மெண்டல்சோன் எழுதிக்கொடுத்தார். தகப்பன் நடத்தி வளர்த்த விழாவுக்கு வந்தவர், மகனின் அடக்கத்துக்கு இசை எழுதினார்.

குழலூதி:

ஓபஸ் 103! அதை நாங்கள் வாசித்திருக்கிறோம்! நான் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். பேண்ட்மாஸ்டர் 'மெண்டல்சோன் சாவு மார்ச்' என்று மட்டும்தான் சொன்னார், யாருக்காக எழுதியது என்று தாளில் போடவில்லை. நடந்துகொண்டே ஊதுகிறமாதிரி எழுதியது, மூச்சு எடுக்கிற இடமெல்லாம் சரியாக இருக்கும். அவசரப்பட்டு வாசித்தால் கெட்டுவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களின் நடை அது. 103 என்ற எண்ணைப் பார்த்து வயதான காலத்தில் எழுதியது என்று நினைத்திருந்தேன்.

மேசைவிளக்கு:

எழுதும்போது மெண்டல்சோனுக்கு 27 வயது. அவர் ஓபஸ் பட்டியலிலும் 72-க்கு மேலே இருப்பவை எல்லாம் 1847-இல் அவர் இறந்த பிறகு பதிப்பித்தவை.

நால்வழி:

கிராபவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிறிஸ்டியான் டீட்ரிக் கிராப, நாடகாசிரியர். 1834 கடைசியில் டுசல்டார்ஃப் வந்தார், பணமும் இல்லை, உடம்பும் சரியில்லை. அவருக்கும் நோர்பர்ட்டுக்கும் நெருக்கம். இரண்டு பேரும் மதுக்கடையில் ஒன்றாக உட்கார்ந்திருந்த பொழுதுகள் அதிகம். நோர்பர்ட் இசையமைப்பதற்கென்றே 'சித்' என்று ஒரு கேலி ஆபரா எழுதிக்கொடுத்தார் கிராப. அதற்கு இசை வரவே இல்லை. நோர்பர்ட் போனதும் ஊர்ப் பத்திரிகையில் கிராப எழுதினார். அதே செப்டம்பரில் அவரும் டெட்மோல்டில் இறந்துவிட்டார், வயது 34.

இந்தப் பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்பேன். மெண்டல்சோன் கைகொடுத்தார், ஷ்போர் கற்றுக்கொடுத்தார், பிரபு பணம் கொடுத்தார். இவ்வளவும் கிடைத்தவர் கடைசி ஐந்தாறு ஆண்டில் ஏன் இவ்வளவு குறைவாக எழுதினார்? நோய் ஒரு காரணம். ஆனால் மதுக்கடை நேரமும் ஒரு காரணம்தானே?

பியானோ டீச்சர்:

நால்வழி சார், இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. மாதம் எத்தனை தடவை வலிப்பு வரும், எங்கே வரும் என்று தெரியாத ஒருவர் மேடையேறி வாசிக்கவோ ஆர்க்கெஸ்ட்ரா நடத்தவோ எப்படித் துணிவார்? சொல்லிக்கொடுக்கிற வீடுகளில் ஒரு முறை விழுந்தால் அடுத்த வாரம் வரவேண்டாம் என்றுவிடுவார்கள். என்னிடம் வலிப்பு உள்ள பையன் ஒருவன் படித்தான், அருமையாக வாசிப்பான். கச்சேரி என்றாலே அவன் அம்மா முகம் வெளுத்துவிடும். அந்தப் பயத்தை மட்டும் வைத்தே சொல்கிறேன், இரண்டு சிம்பொனிக்குக் கை வைத்ததே பெரிய காரியம்.

இரவுப்பணி:

டீச்சர் சொல்வது சரி. வலிப்பு வந்து போன பிறகு ஒன்றிரண்டு நாள் வரை தலை பாரமாக இருக்கும், ஞாபகம் தடுமாறும். சிலருக்கு அதைவிட அதிகமாகவும் இழுக்கும். அந்த நாட்கள் எழுதுகிறவருக்கு வீண் நாட்கள்தான்.

நால்வழி:

ஏற்கிறேன். மதுக்கடையைப் பற்றி எழுதியபோது இதை யோசிக்கவில்லை. இசையைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கட்டும், அதற்கு மேசைவிளக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மேசைவிளக்கு:

சொல்கிறேன். முதல் சிம்பொனியை விட்டுக்கொடுக்கிறேன், அதில் பேத்தோவன் நிழல் நிஜம்தான். இரண்டாவதை எடுங்கள், டி மேஜர், ஓபஸ் 11.

அந்தக் காலத்தில் பேத்தோவன் வழியில் சிம்பொனி எழுதியவர்கள் பெரும்பாலும் மோதலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, தோல்வியிலிருந்து வெற்றிக்கு, கடைசியில் எக்காளம். இரண்டாவது சிம்பொனியில் இவர் அந்த வழியை விட்டுவிட்டார். முதல் மூவ்மெண்ட் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அகலமாக, நிதானமாக விரிகிறது, ஒரு மெட்டைச் சொல்லி அதற்கு முழுசாக இடம் விடுகிறது. ஷூபர்ட்டின் பெரிய சிம்பொனிகளில் நாம் இப்போது ரசிப்பது இந்த நிதானத்தைத்தான். ஆனால் அவற்றை நோர்பர்ட் கேட்டிருக்க வழியே இல்லை. ஷூபர்ட்டின் சி மேஜர் சிம்பொனி வியன்னாவில் அவர் அண்ணன் வீட்டுக் காகிதக் குவியலில் கிடந்தது. ஷூமன் போய்ப் பார்த்து, மெண்டல்சோன் லைப்சிக்கில் நடத்தியது 1839 மார்ச்சில். 'முடியாத சிம்பொனி' வெளியே வந்ததோ 1865-இல். நோர்பர்ட் தானாகவே அந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார். நல்ல மாணவனால் ஆகிற காரியம் இல்லை அது.

ஷூபர்ட் சிம்பொனி கையில் கிடைத்த அதே 1839-இல்தான் ஷூமன் புர்க்முல்லர் கட்டுரையையும் எழுதினார். இரண்டு பெயரையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது வெறும் வயசுக் கணக்கால் இருக்காது என்று நம்புகிறேன். இரண்டு பேரின் தாள்களும் அவர் கண்முன்னே இருந்த வருடம் அது.

குழலூதி:

இரண்டாவது சிம்பொனி முடியவில்லை என்கிறீர்களே, பிறகு எப்படி வாசிக்கிறார்கள்?

மேசைவிளக்கு:

முதல் இரண்டு மூவ்மெண்ட் முழுசாக இருக்கிறது. மூன்றாவதான ஸ்கெர்ட்ஸோவை, துள்ளலாக ஓடும் பகுதியை, பெருமளவு எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஷூமன் 1850-இல் டுசல்டார்ஃபுக்கே இசை இயக்குநராகக் குடிவந்தார். மறு ஆண்டு அந்த ஸ்கெர்ட்ஸோவை எடுத்து வாத்தியப் பிரிப்பை முடித்துக்கொடுத்தார். நாலாவதுக்குக் குறிப்பு கொஞ்சம்தான் இருந்தது, அதை ஷூமன் கட்டவில்லை. அதனால் இன்றைக்குப் பெரும்பாலும் மூன்று மூவ்மெண்டாக வாசிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஷூமனுக்கு அந்த ஊரில் வேலைப்பளு தலைக்கு மேல், ஆர்க்கெஸ்ட்ராவோடு உரசல், தன் படைப்புகள் வரிசையில் நிற்கின்றன. அதற்கிடையில் பதினைந்து வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவரின் ஸ்கெர்ட்ஸோவை எடுத்து உட்கார்ந்து, இது ஓபோவுக்கு, இது ஹார்னுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை இல்லை அது.

நால்வழி:

அதையும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுகிறேன். எந்தப் பதிவு?

ரைன்கரை:

சிம்பொனிக்கு ஃப்ரீடர் பெர்னியுஸ் நடத்தும் ஹோஃப்காபெல்லெ ஷ்டுட்கார்ட் ஆர்க்கெஸ்ட்ரா. பழைய காலத்து வாத்தியங்களில் வாசிக்கிறார்கள், அதனால் காற்று வாத்தியங்கள் தந்திகளுக்கு அடியில் அமுங்காமல் தெளிவாகக் கேட்கும். குவார்ட்டெட்டுகளுக்கு மன்ஹைம் குவார்ட்டெட். பியானோவுக்கு டோபியாஸ் கோக், இந்தப் பக்கத்து ஆள், நோர்பர்ட்டுக்காகவே நிறைய உழைத்தவர். ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தால் கிளாஸ் மார்ட்டின் கோபிட்ஸ் 1998-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்று ஆய்வு இருக்கிறது, தேதிகளும் கடிதங்களும் அதில்தான் ஒழுங்காகக் கிடைக்கும்.

நால்வழி:

கேட்டேன். இரண்டாவது சிம்பொனி, அப்புறம் ஏ மைனர் குவார்ட்டெட், ஓபஸ் 14, 1835-இல் எழுதியது.

முதல் மூவ்மெண்டைப் பற்றி மேசைவிளக்கு சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஷ்போர் இதில் காணாமல் போய்விட்டார். ஸ்கெர்ட்ஸோவில் எங்கே ஒருவர் கை நின்று இன்னொருவர் கை தொடங்குகிறது என்று காதால் பிரிக்க முடியவில்லை, அதற்கு ஷூமனைத்தான் பாராட்டவேண்டும். ஆனால் மூன்றாவதோடு நின்றுபோவது எனக்கு உறுத்துகிறது. ஷூபர்ட்டின் முடியாத சிம்பொனி நின்ற இடத்தில் ஒரு முடிவு இருக்கிறது. இது அடுத்த மூவ்மெண்ட் வரப்போகிறது என்ற வேகத்தில் போய் நிற்கிறது. கச்சேரி நிகழ்ச்சியில் இதை எங்கே வைப்பது என்று நடத்துகிறவர்கள் தயங்குவது ஆச்சரியமில்லை. மேடைகளில் வராததற்கு ரசிகர்களின் அலட்சியத்தைவிட இது பெரிய காரணமாக இருக்கலாம்.

குவார்ட்டெட் வேறு விஷயம், அதில் குறை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து வயதில் எழுதிய ஓபஸ் 4-ஐ அதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். பத்து வருஷத்தில் மனிதர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று தெரியும். இவருக்காக ஒருவரிடம் ஒரே ஒரு படைப்பைச் சிபாரிசு செய்யவேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

மேசைவிளக்கு:

நான் இரண்டாவது சிம்பொனியின் ஆண்டான்டேயை, அந்த மெதுவான மூவ்மெண்டை, சொல்வேன். வேறுபட்டே இருப்போம்!

குழலூதி:

இந்த டூவோவைப் பற்றி முதல் பதிவில் ஒரு வரி வந்ததோடு சரி. பேண்டில் ஊதுகிறவனுக்கு வாசிக்கக்கூடியதா?

மேசைவிளக்கு:

கண்டிப்பாக. ஈ ஃபிளாட் மேஜர், ஓபஸ் 15, 1834 வாக்கில் எழுதியது. நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் போகும்: வேகப் பகுதி, மெதுவான பகுதி, திரும்ப வேகம். மேல் ஸ்தாயியில் வித்தை காட்டுகிற வேலை அதிகம் இல்லை, ஷ்போர் தன் கிளாரினெட் கான்செர்ட்டோக்களில் வைத்த சர்க்கஸ் எதுவும் கிடையாது. நீளமான வாக்கியங்கள்தான் கஷ்டம், மூச்சைக் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். பெயரே டூவோ, பியானோ பின்னணி இல்லை. மெட்டைக் கிளாரினெட் சொன்னால் அடுத்து பியானோ சொல்லும், அப்போது கிளாரினெட் அடங்கிப்போக வேண்டும். கிளாரினெட் படிக்கிறவர்கள் மத்தியில் இவர் பெயர் ஓரளவு உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம். பழைய பதிப்பின் ஸ்கோர் காப்புரிமை தீர்ந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

குழலூதி:

இறக்கிவிட்டேன். முதல் பக்கமே பிடித்திருக்கிறது. பியானோவுக்குத்தான் ஆள் இல்லை.

பியானோ டீச்சர்:

தம்பி, நீங்கள் எந்த ஊர்? நான் கோவை. நானும் ஸ்கோரைப் பார்த்தேன், பியானோ பகுதி கனமாகத்தான் இருக்கிறது, இடது கையை உட்கார்ந்து பழகவேண்டும். மெதுவான பகுதியை முதலில் எடுப்போம்.

குழலூதி:

திருப்பூர்தான் டீச்சர், பஸ் ஏறினால் வந்துவிடுவேன். ஞாயிறு எங்களுக்குப் பெரும்பாலும் கல்யாண வேலை இருக்கும், செவ்வாய் புதன் என்றால் சௌகரியம்.

பியானோ டீச்சர்:

புதன் சாயங்காலம் வாருங்கள், அன்றைக்கு வகுப்பு ஐந்து மணிக்கு முடிந்துவிடும். பி ஃபிளாட் கிளாரினெட்தானே உங்களிடம் இருப்பது? பார்ட்டைத் தனியாக அச்சடித்துக் கொண்டுவாருங்கள், ஸ்கோர் நான் எடுத்து வைக்கிறேன்.